வேற ஊர்ல பண்ணத நம்ம தெருவுக்கு எப்படி கொண்டு வர்றது? பார்க்கப் போனா, சாவி யார்கிட்ட இருக்குன்னு கேளுங்க

நீங்க கேட்டத ஒரு தடவ திருப்பி சொல்லிக்கிறேன், தப்பா புரிஞ்சுக்கிட்டு பதில் சொன்னா ரெண்டு பேருக்கும் வேஸ்ட். உங்க தெருவுல பத்து பன்னெண்டு பேர் சேர்ந்திருக்கீங்க, குப்பையோ மழைத்தண்ணியோ ஏதாச்சும் ஒண்ண கையில எடுக்கணும்னு ஆசை, மகாராஷ்டிரா கிராமம், கேரளா, ஜப்பான்னு வீடியோ நிறைய பார்த்தாச்சு, ஆனா "அதெல்லாம் அங்க நடக்கும்ப்பா, மெட்ராஸ்ல நடக்காது"ன்னு உங்க கூட இருக்கறவங்களே சொல்றாங்க. அதனால வெளியூர்ல இருந்து எத கத்துக்கறது, எப்படி இங்க இறக்கறதுன்னு கேட்டிருக்கீங்க. நான் ஆதம்பாக்கம், பதினஞ்சு வருஷமா இந்த மாதிரி வேலைல கைய சுட்டுக்கிட்டு இருக்கற ஆளு, கொஞ்சம் நீளமாத்தான் சொல்லுவேன்.

முதல்ல நாங்க ஊத்திக்கிட்ட கதை. ஆலப்புழாவுல அங்கங்க கம்போஸ்ட் தொட்டி வச்சு ஊர் குப்பைய அங்கயே மக்க வச்சுட்டாங்கன்னு கேள்விப்பட்டு, நாங்களும் வீட்டுக்கு வீடு வசூல் பண்ணி தெருக்கடைசியில ட்ரான்ஸ்ஃபார்மர் பக்கத்துல ரெண்டு தொட்டி கட்டினோம். சிமெண்ட் கல்லுக்கு நடுவுல காத்து போக சந்து விட்டு, மேல தகரக் கூரை, பச்சை பெயிண்ட், கவுன்சிலர கூப்பிட்டு ரிப்பன் கூட வெட்டியாச்சு. முதல் மாசம் எல்லாரும் குப்பைய கொண்டு வந்து கொட்டிட்டு செல்ஃபி எடுத்தாங்க. ரெண்டாவது மாசம் ஐப்பசி மழை பிடிச்சுது பாருங்க, தொட்டி அடியில இருந்து கருப்பா தண்ணி ஒழுகி ரோட்ல ஓட ஆரம்பிச்சுது, மூடிய தொறந்தா வெள்ளை வெள்ளையா புழு, உலைல அரிசி கொதிக்கிற மாதிரி நெளியுது, நாத்தம்னா அப்படி ஒரு நாத்தம். எதுத்த வீட்டு பாட்டி வாசல்ல நின்னுக்கிட்டு "நல்லா இருந்த தெருவ நாறடிச்சிட்டு போறானுங்க"ன்னு போற வர்றவங்க கிட்டல்லாம் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. மூணே மாசம், மேல தார்ப்பாய் போட்டு மூடி கல்ல வச்சுட்டோம்.

அப்புறம் புத்தி வந்து, மூணு பேர் ஆலப்புழா எக்ஸ்பிரஸ் ஏறி போனோம். அதுல ஒருத்தர் எங்க தெருவுலயே இந்த திட்டத்த ஆரம்பத்துல இருந்து திட்டிக்கிட்டு இருந்த மாமா, ரிட்டயர்டு ஆள், "வா மாமா, நீங்களே வந்து பாருங்க"ன்னு வம்பா இழுத்துட்டு போனோம். அங்க தொட்டிய பார்த்துக்கற ஒருத்தர் கிட்ட எங்க சோகத்த எல்லாம் கொட்டினோம், புழு, நாத்தம், பாட்டி, எல்லாம். அவர் பொறுமையா கேட்டுட்டு ஒரே கேள்வி கேட்டார், "கரியில உண்டோ?" எங்களுக்கு புரியல. அவர் தொட்டி பக்கத்துல இருந்த கோணிய தொறந்து ஒரு கை அள்ளி காட்டினார், சருகு. காஞ்ச இலை.

விஷயம் அவ்வளவுதான். தும்பூர்முழி மாடல்னு சொல்றாங்க, கேரளா கால்நடை பல்கலைக்கழகத்துல உருவாக்கினது, நாலடிக்கு நாலடிக்கு நாலடி தொட்டி, அடியில மாட்டுச்சாணம், மேல அரை அடி சருகு, அதுக்கு மேல குப்பை, மறுபடி சாணம், சருகுன்னு அடுக்கு அடுக்கா போட்டுக்கிட்டே போகணும், நிறைஞ்சதும் மூணு மாசம் தொடாம விடணும். சருகுதான் ஈரத்த உறிஞ்சுது, சருகு இருந்தாத்தான் நடுவுல காத்து ஓடும், காத்து இல்லாம அழுகினா நாத்தம், காத்தோட மக்கினா நாத்தம் கிடையாது. வீடியோவுல தொட்டிய காட்டினான், சருக காட்டல, காட்டினாலும் நாங்க பார்த்திருக்க மாட்டோம். இன்னொண்ணு, தொட்டி பக்கத்துல ஒரு ஆள் இருந்தார் பாருங்க, அவர் சும்மா வேடிக்கை பார்க்க நிக்கல, அது அவர் வேலை, கொண்டு வர்ற குப்பைல பிளாஸ்டிக் இருந்தா திருப்பி குடுத்துடறார். எங்க தொட்டிக்கு அப்படி யாருமே கிடையாது, "எல்லாரும் பார்த்துப்போம்"னு விட்டிருந்தோம்.

மூணாவதா ஒண்ணு, அத ஊருக்கு திரும்பி வர்ற ட்ரெயின்ல மாமாதான் சொன்னார். ஆலப்புழா காரங்க ஆசைப்பட்டு ஒண்ணும் இதுல இறங்கல. ஊர் குப்பைய எல்லாம் சர்வோதயபுரம்னு ஒரு கிராமத்துல கொண்டு போய் கொட்டிக்கிட்டு இருந்தாங்க, அந்த ஊர் ஜனங்க போராடி 2012ல லாரிய உள்ள விட மாட்டோம்னு நிறுத்திட்டாங்க, குப்பை ஊருக்குள்ளயே தேங்கி நின்னுச்சு, வேற வழியில்லாமத்தான் வீட்டுக்கு வீடு பயோகேஸ், தெருவுக்கு தெரு தொட்டின்னு போனாங்க. நமக்கு அந்த நெருக்கடி இல்ல, பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைமேடெல்லாம் கண்ணுக்கு தெரியாத தூரத்துல இருக்கு, லாரி வந்து அள்ளிட்டு போயிடுது. அதனால அதே சூடு இங்க இருக்கும்னு எதிர்பார்த்தது எங்க தப்பு.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். வெளியூர் போனா எல்லாரும் பொருள பார்த்துட்டு வந்துடறாங்க, தொட்டி, தடுப்பணை, காத்தாலை, மிச்ச சாப்பாடு வைக்கற பொது ஃபிரிட்ஜ். பார்க்க வேண்டியது ஏற்பாடு. சாவி யார்கிட்ட இருக்கு, தினம் காலைல யார் வந்து தொறக்கறாங்க, அவங்களுக்கு காசு எங்க இருந்து வருது, சண்டை வந்தா யார்கிட்ட போறாங்க, எந்த வருஷம் நின்னு போச்சு, எப்படி மறுபடி ஆரம்பிச்சாங்க. ஜெயிச்ச கதைய கேக்காமலே சொல்லுவாங்க, தோத்த கதைய கேட்டாத்தான் சொல்லுவாங்க, அதுக்கு சாயந்திரம் டீக்கடைல உக்காந்து பேசற அளவுக்கு நேரம் எடுத்துக்கிட்டு போகணும், காலைல போய் மத்தியானம் திரும்பற டூர்ல அது வராது.

நீங்க சொன்ன மகாராஷ்டிரா கிராமம் ஹிவ்ரே பஜார்னு நினைக்கிறேன். அகமத்நகர் மாவட்டம், இப்ப அகில்யாநகர்னு பேர் மாத்திட்டாங்க. அங்க வருஷத்துக்கு 400 மில்லிமீட்டர் மழையே பெரிய விஷயம், நமக்கு சராசரியா 1400. வீடியோவுல பச்சை மலை, நிறைஞ்ச கிணறு, ட்ரோன் ஷாட். ஆனா அந்த ஊர தூக்கி நிறுத்தினது மழைத்தண்ணி நிக்க மலைல வெட்டின பள்ளம் மட்டும் கிடையாது, விவசாயத்துக்கு போர் போடக் கூடாது, கரும்பு மாதிரி தண்ணி குடிக்கிற பயிர் வைக்கக் கூடாதுன்னு ஊரே உக்காந்து கட்டுப்பாடு போட்டாங்க. ஒவ்வொரு வருஷமும் மழை முடிஞ்சதும் எவ்ளோ பெஞ்சுது, எவ்ளோ கையிருப்புன்னு கணக்கு பார்த்து, முதல்ல ஜனங்களுக்கும் மாட்டுக்கும் குடிக்க, மிச்சத்துக்கு என்ன பயிருன்னு முடிவு பண்றாங்க, நம்ம வீட்ல மாசக்கடைசில பட்ஜெட் போடற மாதிரி. அதோட அந்த போபட்ராவ் பவார், 1990 வாக்குல சர்பஞ்ச், அதாவது ஊர் பஞ்சாயத்து தலைவர் ஆனவர், எல்லாத்தயும் புதுசா கண்டுபிடிக்கல, அதே மாவட்டத்துல இருக்கற ராளேகண் சித்தியில அண்ணா ஹசாரே பண்ணினத பார்த்துத்தான் ஆரம்பிச்சாங்க. அதாவது உலகத்துக்கே மாதிரியா காட்டற ஊரே பக்கத்து ஊர்ல கத்துக்கிட்டதுதான், அதனால நீங்க ஜப்பான் வரைக்கும் போக வேணாம்.

அப்ப சிட்டிக்கு என்ன மாதிரின்னு கேட்டா, எனக்கு கராச்சிதான் ஞாபகம் வரும். ஆமா பாகிஸ்தான்தான், திட்டறவங்க திட்டிக்கோங்க. ஒராங்கின்னு பெரிய குடிசைப் பகுதி, சாக்கடையே கிடையாது, 1980ல அக்தர் ஹமீத் கான்னு ஒருத்தர் அங்க வேலைய ஆரம்பிச்சார். அவர் காசு குடுக்கல, டிசைன் போட்டு குடுத்தார், மேஸ்திரி வேலை சொல்லிக் குடுத்தார், கருவிங்க குடுத்தார். யூனிட் என்னன்னா ஒரு சந்து, இருவது முப்பது வீடு, அவ்ளோதான், அந்த சந்துக்காரங்க தங்களுக்குள்ள ஒரு ஆள தேர்ந்தெடுத்து காசு வசூல் பண்ணி சந்து சாக்கடைய அவங்களே போட்டுக்கணும். பெரிய மெயின் லைன், சுத்திகரிப்பு எல்லாம் அரசாங்கத்தோட தலைவலி, அத நாம தொடறதில்லன்னு கோடு கிழிச்சார். கான்ட்ராக்டர் நடுவுல இல்லாததால செலவு ரொம்ப கம்மியா வந்துச்சு.

இந்த கோடு கிழிக்கறது இருக்கே, நம்ம ஊர்ல இதுதான் யாரும் பண்றதில்ல. ஒண்ணு "கார்ப்பரேஷன் பண்ணட்டும்"னு கைய கட்டிக்கிட்டு உக்காந்துடுவோம், இல்லன்னா மழைநீர் வடிகால்ல இறங்கி நாமளே சேறு அள்ளுவோம், அடுத்த வருஷம் கார்ப்பரேஷன் அந்த தெருவ லிஸ்ட்லயே எடுத்திருக்கும், ஏன்னா "அவங்களே பண்ணிக்கறாங்க". மொட்டமாடி, காம்பவுண்டுக்குள்ள, வாசல் வரைக்கும் நம்மளுது, வடிகாலும் மெயின் லைனும் அவங்களுது, இத முதல் மீட்டிங்லயே பேசி எழுதி வச்சுக்கோங்க. 2022ல வார்டு கமிட்டி, ஏரியா சபைக்கெல்லாம் விதி வந்தாச்சு, அங்க போய் கேக்கும்போது நாம நம்ம பங்க முடிச்சுட்டு போய் நின்னா பேச்சே வேற மாதிரி இருக்கும். நமக்கு நாமே திட்டத்துலயும் ஜனங்க ஒரு பங்கு போட்டா மீதிய அரசாங்கம் போடுது, அத தெருக்காரங்க நிறைய பேர் கேள்விப்பட்டது கூட இல்ல.

மழைத்தண்ணிக்கு வரேன், ஏன்னா நீங்க அதுல இறங்கறதா இருந்தா ஒரு எச்சரிக்கை. பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் உறை, அதாவது கிணத்துக்கு இறக்கற சிமெண்ட் வளையம் இறக்கி மழைத்தண்ணிய பூமிக்குள்ள விட்டு கிணறு ஊறினத பார்த்துட்டு, எங்க பக்கத்துல ஒரு அப்பார்ட்மெண்ட்ல அதே மூணடி உறை, அதே பதினஞ்சடி ஆழம்னு அச்சா இறக்கினாங்க. தண்ணி நாலு நாளாச்சு இறங்கவே இல்ல, கொசுதான் உருவாச்சு. அங்க கடற்கரை மணல், ஊத்தின உடனே குடிச்சுடும். இங்க மேல களிமண்ணு, கீழ பரங்கிமலை பாறை. இங்க களிமண்ண தாண்டி சிதைஞ்ச பாறை வர்ற வரைக்கும் தோண்டணும், இல்ல பழைய கிணறு இருந்தா மாடித்தண்ணிய ஜல்லி மணல் ஃபில்டர் வழியா அதுக்குள்ளயே திருப்பிடணும், அதுதான் பெஸ்ட், செலவும் கம்மி. ஆயிரம் சதுரடி மாடில வருஷத்துக்கு கிட்டத்தட்ட 1.3 லட்சம் லிட்டர் விழுது, 12,000 லிட்டர் தண்ணி லாரின்னா பத்து லாரிக்கு மேல, அதுல கொஞ்சம் சேதாரம் போனாலும் விட மனசு வராது. 2003ல மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு சட்டம் வந்தப்ப அவசரத்துக்கு ஒரு பைப்ப மண்ணுல குத்தி வச்ச வீடுங்க எத்தனையோ, அதெல்லாம் பார்த்து "இது வேலைக்கு ஆகாது"ன்னு முடிவு கட்டிடாதீங்க. மந்தவெளில சேகர் ராகவன் சார் ஆரம்பிச்ச ரெயின் சென்டர் 2002ல இருந்து இருக்கு, உங்க ஏரியா மண்ணுக்கு எது சரின்னு அங்க போய் கேட்டுட்டு அப்புறம் உறைக்கு ஆர்டர் குடுங்க. உறை இறக்கற மேஸ்திரி கிட்டயும் கேளுங்க, எந்த தெருவுல எத்தனை அடில பாறை தட்டுதுன்னு அவருக்கு விரல் நுனில தெரியும்.

பணம் பத்தி. திட்டம் நாத்தத்துல செத்தத விட கணக்குல செத்தது அதிகம். இதுக்கு வெளிநாடு போக வேணாம், உத்திரமேரூர் போங்க, நம்ம வீட்ல இருந்து காலைல கிளம்பினா மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்துடலாம். கிட்டத்தட்ட 920ம் வருஷ வாக்குல, பராந்தக சோழன் காலத்து கல்வெட்டு, குடவோலைன்னு ஸ்கூல்ல படிச்சிருப்போம். அதுல எல்லாரும் தேர்தல் முறைய பத்தியே பேசறாங்க, எனக்கு பிடிச்சது வேற, ஏரி வாரியத்துலயோ (வாரியம்னா அந்தக் காலத்து ஊர் கமிட்டி) வேற வாரியத்துலயோ இருந்துட்டு கணக்கு காட்டாம போனவன் மறுபடி நிக்கக் கூடாது, அவன் சொந்தக்காரங்களும் நிக்கக் கூடாது! ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே அத்தைமகன் மாமன்மகன் வரைக்கும் யோசிச்சிருக்கான் பாருங்க, பட்டு அனுபவிச்சவன்தான் அப்படி எழுதுவான்.

நம்ம ஊர்லயே பார்க்க வேண்டிய இன்னொண்ணு எக்ஸ்னோரா. 1989ல இங்கதான் நிர்மல் சார் ஆரம்பிச்சது, தெருவுக்கு ஒரு சங்கம், வீட்டுக்கு மாசம் ஒரு சின்ன தொகை, மூணு சக்கர வண்டில ஒரு ஆள் வந்து குப்பை எடுப்பார். எங்க வீட்லயும் அந்த வண்டி வந்தது ஞாபகம் இருக்கு. அப்புறம் வீட்டு வாசல் வரைக்கும் குப்பை வண்டி சங்கம் இல்லாமலே வர ஆரம்பிச்சதும் பல தெருவுல சங்கம் படிப்படியா ஓஞ்சு போச்சு, ஜனங்க காசு குடுக்கறத நிறுத்திட்டாங்க. அப்ப நடத்தினவங்க இன்னும் நிறைய பேர் இருக்காங்க, உங்க ஏரியால தேடினா ஒரு தாத்தா கிடைப்பார், அவர் கிட்ட ஒரு மணி நேரம் உக்காருங்க, எந்த மாசம் வசூல் குறைய ஆரம்பிச்சுது, அப்ப என்ன பண்ணிப் பார்த்தாருன்னு கேளுங்க. பத்து வீடியோவுல கிடைக்காதது அதுல கிடைக்கும்.

மிச்ச சாப்பாட்ட வச்சா வேணுங்கறவங்க எடுத்துக்கற பொது ஃபிரிட்ஜ் ஐடியாவும் உங்க லிஸ்ட்ல இருந்துச்சு. பெசன்ட் நகர்ல 2017ல வச்சது 'ஐயமிட்டு உண்'னு ஆத்திச்சூடிலயே பேர் வச்சாங்க, அந்த பேர் வச்சதுலயே பாதி வேலை முடிஞ்சுதுன்னு நான் சொல்லுவேன், யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்ல. ஸ்பெயின்ல கல்தகாவோன்னு ஒரு ஊர்ல 2015லயே இது இருந்துச்சு, அங்க பச்சை மீன், கறி, முட்டை வைக்கக் கூடாது, வீட்ல சமைச்சதுன்னா தேதி எழுதணும், நாலு நாள் தாண்டினா தூக்கிப் போட்டுடணும்னு விதி. அந்த நாலு நாள அப்படியே இங்க எடுத்துக்காதீங்க, நம்ம சித்திரை வெயிலுக்கும் கரண்ட் கட்டுக்கும் சாம்பார் சாதம் மறுநாளே கேள்விக்குறிதான். தேதி எழுதறத எடுத்துக்கோங்க, நாள் கணக்க நீங்க போடுங்க.

யார கூட்டிட்டு போறதுன்னு ஒரு வரில கேட்டிருந்தீங்க, அதுக்கு மட்டும் கொஞ்சம் விவரமா சொல்றேன். மும்பைல பைகுல்லா பிளாட்ஃபாரத்துல குடியிருந்த பொம்பளைங்க, மகிளா மிலன்னு சேமிப்புக் குழு வச்சிருந்தாங்க, வீடு எப்படி இருக்கணும்னு கட்டையும் துணியும் வச்சு நிஜ அளவுல கட்டிப் பார்த்து, உள்ள நடந்து, சமையல் எங்க, பரண் எங்கன்னு அவங்களே முடிவு பண்ணினாங்க. அப்புறம் அவங்களும் தென்னாப்பிரிக்கா குடிசைப் பகுதி ஆளுங்களும் 1991ல இருந்து மாத்தி மாத்தி போய் பார்த்துக்கிட்டாங்க, அதுலதான் 1996ல உலக அளவுல ஒரு கூட்டமைப்பே வந்துச்சு. அதிகாரியும் என்.ஜி.ஓ. ஆளும் போய் பார்த்துட்டு வந்து பவர்பாயிண்ட் போடற கதை அங்க கிடையாது, காசு எண்றவங்களே இன்னொரு ஊர்ல காசு எண்றவங்க கிட்ட பேசினாங்க. மொழி தெரியாட்டியும் பாஸ்புக்க பார்த்தா புரிஞ்சுடும். நீங்களும் தலைவர், செயலாளர்னு ரெண்டு பேர் மட்டும் போகாதீங்க, தெரு கூட்டற அக்கா ஒருத்தர், வாட்ச்மேன் ஒருத்தர், கண்டிப்பா எதிர்க்கற ஆள் ஒருத்தர். அவங்க டிக்கெட்டுக்கு சங்கத்துல இருந்து காசு போடுங்க, ஒரு நாள் கூலி போகுதுன்னா அதையும் குடுங்க.

எங்க தொட்டி என்னாச்சுன்னு சொல்லாம விட்டுட்டேன். திரும்பி வந்து ரெண்டுல ஒண்ண மட்டும் தொறந்தோம். சருகுக்கு அலையவே வேணாம், தெரு முழுக்க புங்கமும் வேம்பும், கார்ப்பரேஷன் அக்கா கூட்டி வண்டில போட்டுக்கிட்டு போறத ரெண்டு கோணில கட்டி வச்சுடுங்கன்னு கேட்டோம், அவங்களுக்கும் வண்டி பாரம் குறைஞ்சுது. (வாதாங்கொட்டை இலை வேணாம், தோல் மாதிரி கெட்டியா கிடக்கும், சீக்கிரம் மக்காது.) பக்கத்து தெரு அக்கா ஒருத்தங்க காலைல ஏழுல இருந்து ஒம்பது வரைக்கும் இருக்காங்க, 42 வீடு, வீட்டுக்கு 75 ரூபா, அதுல அவங்க சம்பளம் போக சாணிக்கும் கோணிக்கும் மிச்சம் நூத்தம்பது நிக்கும். எல்லா வீடும் சேரல, பதினாறு வீடு இன்னும் லாரிலதான் போடறாங்க, போடட்டும். பூட்டு போட்டாச்சு, சாவி ஒண்ணு அந்த அக்கா கிட்ட, இன்னொண்ணு நான் சொன்னேனே, எதிர்த்துக்கிட்டு இருந்த மாமா, அவர் கிட்ட. கணக்கு நோட்டும் அவர்தான், மாசம் ஒண்ணாந்தேதி ஒரு பேப்பர்ல எழுதி ட்ரான்ஸ்ஃபார்மர் கம்பத்துல ஒட்டிடுவார், ரெண்டு ரூபா டேலி ஆகலன்னா கூட ராத்திரி பத்து மணிக்கு எனக்கு ஃபோன் வரும்.

நீங்க மழைத்தண்ணிதான்னு முடிவு பண்ணினா ஆடிக்குள்ள மண்ணு பார்த்துடுங்க, புரட்டாசில உறை இறக்கற மேஸ்திரி ஒருத்தரும் கிடைக்க மாட்டாங்க. குப்பைன்னா இப்பவே சருகு சேர்க்க ஆரம்பிச்சு மழைல நனையாம மாடிப்படிக்கு கீழ வச்சுடுங்க, பத்து கோணியாவது வேணும். ஆலப்புழாவுக்கு போறதா இருந்தா சொல்லுங்க, மாமா கூட வர்றேங்கறார்.